ஒரே நாள்ல மூணு மலையா கண்ணு?

சித்திரை வெயில்ல சிநேகிதனக் கூட்டிக்கிட்டு மூணு உச்சி ஏறப்போறயாமே அப்புனு? காலையில கஞ்சமலை, மத்தியானம் சேர்வராயன், பொழுது சாய நைனாமலை. கேக்கவே நெம்ப நல்லாருக்குது. சேலம் நாமக்கல்லுல எல்லாரும் வேப்பமர நெழலுக்கு அடிச்சுக்கறாங்க. நீ மட்டும் வெயிலத் தேடிப் போற. அதுக்கும் ஒரு ஆள் வேணுமல்ல?

எங்க, அந்த மூட்டையக் கொஞ்சம் அவுத்துக் காட்டு. அடேங்கப்பா! மடக்கற ஊனுகோலு ரெண்டா? எனக்கு எழுவது தாண்டித்தான் கண்ணு ஒண்ணு வாங்குனேன். உனக்கு இருவத்தஞ்சுலயே ரெண்டு. கையில கட்டியிருக்கறது என்ன, எத்தனை எட்டு வெச்சேன்னு எண்ணற கடியாரமா? கால் உன்னுதுதான? ஓஞ்சு போனா அது உங்கிட்டச் சொல்லாதா?

இதென்ன, தெசை காட்டற காம்பஸா? நல்லாக் கேட்டுக்க. கஞ்சமலையில காந்தம் கலந்த இரும்புக்கல்லு நெறைய. அந்தப் பாறைகிட்டப் போனா உன் காம்பஸ் முள்ளே தடுமாறும். ஆட்டுக்காரங்கிட்ட வழி கேட்டயின்னா அவன் கையக் காட்டுவான். அவன் கைய எந்தக் காந்தமும் இழுக்காது. அந்த மலைகிட்ட வீரம் காட்டறதுக்கு முன்னாடி இன்னொரு கதையும் கேட்டுக்க. 1830-கள்ல ஹீத்துன்னு ஒரு வெள்ளைக்காரன் பரங்கிப்பேட்டையில ஆலை வெச்சு, நம்ம சேலத்து இரும்புக்கல்ல அள்ளிட்டுப் போயி உருக்குனான். கம்பெனி முழுகிப்போச்சு. மலை அங்கயேதான் நிக்குது. அந்த மலைச் சித்தர் கோயிலுக்கு அமாவாசையன்னிக்கு இன்னும் கூட்டம் வருது.

சேர்வராயனுக்கு வருவோம். 5,300 அடி ஏறுனேன்னு போட்டுக்குவ. சேலமே கடல்மட்டத்துக்கு 900 அடி மேலதான் இருக்குது. அத மொதல்ல கழி. அடிவாரத்துலருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டைஊசி வளைவு. அத நடந்தா ஏறப்போற? மோட்டார் வண்டிதான ஏறுது? அங்கருந்து கோயில் கிட்டத்துக்கே ரோடு போவுது. ஆக, உச்சிய ஏறுனது நீயா, பெட்ரோலா? வைகாசி வாக்குல சேர்வராயன் திருவிழா வரும். மலை ஊர்க்காரங்க காட்டு வழியா நடந்தே வருவாங்க. அவங்ககிட்டப் போயி நானும் ஏறுனேன்னு சொல்லிப் பாரு. சிரிக்காம ஒரு வாய் தண்ணி குடுப்பாங்க. அது அவங்க மரியாதை.

நைனாமலைய நான் ஒண்ணும் சொல்லல. புரட்டாசிச் சனிக்கிழமை நீயே வந்து பாரு. கெழவிக வெறுங்கால்ல அத்தனை படியும் ஏறி வரதராசப் பெருமாளக் கும்புட்டுப்போட்டு, எறங்கி வந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டுவாங்க. போட்டோ உண்டா? செருப்பே கெடையாது, போட்டோவுக்கு எங்க போறது?

மூணு மலைக்கும் நடுவுல வண்டியில மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல ஆவும் கண்ணு. இது மலை ஏறறதா, மலைக்கு வருகைப்பதிவு எடுக்கறதா?

போவாதன்னு சொல்லல. போ. ஆனா ஒண்ணு ஏறு, ஒழுங்கா ஏறு. கோழி கூப்புடக் கெளம்பு. பத்து மணிக்குள்ள மேல போயிச் சேரு. ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறேழு டிகிரி குறையும்னு உங்க வாத்தியார் சொல்லியிருப்பாரு. நெசந்தான். அத நம்பி மட்ட மத்தியானத்துல மொட்டைப்பாறையில நிக்காத. அந்தப் பாறை காலையிலருந்து குடிச்ச வெயில உன் மேலதான் துப்பும்.

காலையில மானம் பளிச்சுன்னு இருக்கும். மூணு மணிக்குக் கருக்கும். கோடை மழை இடியோடதான் வரும். அந்த நேரத்துல உச்சியில நிக்கற ஒசந்த ஆளு யாரு? நீதான். இடிக்கு வேற ஆளத் தேடற வேலை மிச்சம். அதுக்குள்ள எறங்கிரு.

பட்டைப் பட்டையாச் சுத்தி வெச்சிருக்கயே, அது என்ன தீனி? தின்னா பலம் வருமா? விலையப் பாத்தா எனக்கு இருந்த பலமும் போவுது. ஒரு தூக்குப்போசி கம்மங்கூழு, உப்புப் போட்ட மோரு, நாலு சின்ன வெங்காயம். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி. போதும். தின்ன காயிதத்த மலையில போடாத; சாமி பொறுக்குனதா நான் எங்கயும் கேள்விப்படல.

இனிமேச் சொல்றது வெளையாட்டில்ல. 2018 மார்ச் 11-ந் தேதி தேனிப் பக்கம் குரங்கணியில காட்டுத்தீயில மாட்டி, மலை ஏறப் போன 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க. பல பேரு உன் வயசுப் புள்ளைக. காஞ்ச போதைப்புல்லுல தீ மேட்டப் பாத்து ஓடும். உன்னவிட வெரசா ஓடும். வனத்துறை வேண்டாம்னு அடைச்ச பாதையில நொழையறது வீரமில்ல. 2024-ல அவங்களே தமிழ்நாடு பூரா 40 தடம் குறிச்சு, மலை ஊருப் பசங்களயே வழிகாட்டியாப் போட்டிருக்காங்க. நம்ம சேலத்துப் பக்கமும் உண்டு. பணம் கட்டிப் போ. ஊனுகோலுக்குக் குடுத்ததவிடப் பெருசா ஆவாது.

உன் சிநேகிதன் கொஞ்சம் தடிச்ச ஒடம்பு. அவன் எளைப்பான். அவன வுட்டுப்போட்டு முந்தி ஓடிக் கொடி நடாத. எளைச்சவனுக்குப் பின்னால நடக்கறவன்தான் சிநேகிதன். முந்திப் போறவன் சும்மா வழிப்போக்கன். பாதி மலையில அவன் போதும்னா நீயும் திரும்பு. மலை அடுத்த வருசமும் அங்கயேதான் இருக்கும். அவன் முட்டி இருக்கோணுமில்ல?

எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்கு எறங்குவேன்னு மொதல்ல உங்கம்மாகிட்டச் சொல்லு. ஊருக்குப் போட்டோ அப்புறம் போட்டுக்கலாம்.