பாதி டாடா, பாதி ஏர்டெல்

கேள்வி: போட்டி போடும் டிடிஎச் கம்பெனிகள் ஒன்றாக இணைய அனுமதிக்கலாமா? (திருவண்ணாமலை வாசகர்)

பதில்: அர்த்தநாரீஸ்வரர் ஊரிலிருந்து இப்படி ஒரு கேள்வியா! கார்த்திகை தீபத்தன்று அவர் சில நிமிடமே காட்சி தருகிறார். மாதச் சந்தாவும் கேட்பதில்லை. கம்பெனிகள் அப்படியில்லை. டிஷ் டிவியும் வீடியோகான் டி2எச்சும் 2016-ல் அறிவித்து, போட்டி ஆணையம் சம்மதித்து, 2018-ல் ஒன்றாயின. ஏர்டெல், டாடா பிளே இணைப்புப் பேச்சு 2025 மே மாதம் முறிந்தது. அதைத் தடுத்தது அரசு அல்ல, அவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் அரசே தடுத்ததாமே?

பதில்: ஆமாம், 2002-ல். எக்கோஸ்டார், டைரக்டிவி என்ற இரண்டு டிடிஎச் கம்பெனிகளும் சேர்ந்தால், கேபிள் போகாத கிராமங்களுக்கு ஒரே கடைதான் மிஞ்சும் என்பது காரணம். ஒப்பந்தம் முறிந்ததற்கு எக்கோஸ்டார் கட்டியது 60 கோடி டாலர்! ஜவ்வாது மலையில் கேபிள் எட்டாத குக்கிராமத்துக்கும் அதே கவலை பொருந்தும்.

கேள்வி: அப்படியானால் இங்கும் தடுக்கலாமே?

பதில்: யாருக்காக? 2021-ல் ஏறக்குறைய 7 கோடி இருந்த டிடிஎச் சந்தாதாரர்கள் 2025-ல் 6 கோடிக்கும் கீழே. செல்போனும் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷும் இருக்கும்வரை விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. இணையட்டும்; ஆனால் ஒருவர் பெட்டி இன்னொருவர் சேவைக்கும் வேலை செய்ய வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை 2020-லேயே பரிந்துரைத்துவிட்டது.