600 நியூட்டன் மீட்டர் ஆசை

பஞ்சர் கடையில் நட்டு கழற்றும் கன், அதாவது இம்பாக்ட் ரெஞ்ச், அலறும் சத்தத்துக்குத் தலை திரும்பாத நடுவயது ஆணை நான் பார்த்ததில்லை. கடைப் பையன் அதை நட்டின் மேல் வைப்பான். ‘டர்ர்ர்’ என்று ஒரு முழக்கம். நட்டு கையோடு வந்துவிடும். அதே நட்டை நெடுஞ்சாலை ஓரத்தில், நட்டநடு வெயிலில், காரோடு கொடுத்த ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்று கழற்றியவனுக்குத்தான் அந்தச் சத்தத்தின் அருமை தெரியும்.

ஏறி நிற்பது ஒன்றும் கேவலமில்லை. கணக்குப் போட்டால் கௌரவம்கூட. என் எடை 70 கிலோ, ஸ்பேனரின் நீளம் 30 சென்டிமீட்டர். நுனியில் ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேலேயே முறுக்குவிசை கிடைக்கும். என் சின்னக் காரின் கையேடு நட்டுக்குக் கேட்பதோ சுமார் 108தான். ஆக நானே ஒரு இம்பாக்ட் ரெஞ்ச்; பேட்டரி மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் கையேட்டைப் படித்துவிட்டா பஞ்சர் கடையில் முடுக்குகிறார்கள்? கன் களைக்கும்வரை முடுக்கி அனுப்புகிறார்கள். அதன் மேல் துருவும் ஏறிவிட்டால், பக்கத்தில் டீ குடிப்பவரையும் கூப்பிட்டு ஸ்பேனரில் ஏற்ற வேண்டியதுதான்.

கார்ட்லெஸ் கன் ஒன்று வாங்கலாம் என்றதும் மனைவி கேட்டது ஒரே கேள்வி. “ஏங்க, வருஷத்துக்கு எத்தனை தடவை டயரைக் கழட்டுவீங்க?” ஆயுதக் கொள்முதலை நிதியமைச்சரிடம் இந்தக் கோணத்தில் பேசவே கூடாது. பேச்சை மாற்றினேன்.

ஹூஸ்டனில் இருக்கும் மச்சானிடம் யோசனை கேட்டதற்கு, “450க்குக் குறையாமப் பாருங்க மாமா” என்றான். செம்புதாஸ் தெரு டூல்ஸ் கடைக்காரர், “600 எடுத்துக்குங்க சார், பிரச்சினையே இல்ல” என்றார். எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனோ, “60 கிலோ போதும் சார்” என்று முடித்துவிட்டார். மூவரும் அடித்துக்கொள்வார்கள்போலத் தோன்றும். மூவர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றேதான். மச்சான் பேசுவது அடி-பவுண்டு, கடைக்காரரின் பெட்டி பேசுவது நியூட்டன் மீட்டர், அண்ணன் பேசுவது கிலோகிராம்-மீட்டரைச் சுருக்கிய கிலோ.

அந்த 600 எதற்கான 600 என்பது அடுத்த வழக்கு. முடுக்க ஒரு எண், கழற்ற ஒரு எண். மகிட்டாவின் டிடிடபிள்யூ 300 முடுக்க 330, கழற்ற 580 என்கிறது. பாஷின் ஜிடிஎஸ் 18வி-400 முடுக்க 400, கழற்ற 600. இரண்டையும் வெளிப்படையாகச் சொல்வது யோக்கியமான பழக்கம். பெட்டியில் ஒரே எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அது மாநாட்டுக் கூட்டத்தைக் கட்சிக்காரர் எண்ணிச் சொன்ன எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வோல்ட் கதை இதைவிட வேடிக்கை. 18 வோல்ட் ஒசத்தியா, 20 வோல்ட் ஒசத்தியா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. இரண்டிலும் வரிசையாகக் கோத்திருப்பது ஐந்து லித்தியம் செல்கள். செல்லுக்கு 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. சார்ஜரிலிருந்து கழற்றிய சூட்டோடு அளந்தால் செல் 4 வோல்ட்டைத் தாண்டி நிற்கும். அப்போது 20, 21 என்று அச்சடித்துக்கொள்ளலாம். கடைக்காரர் நாலாயிரத்துச் சொச்சத்துக்கு எடுத்துக் காட்டிய ஒரு கன்னில் ‘88விஎஃப்’ என்று மின்னியது.

“88 வோல்ட்டா?”

“88விஎஃப் சார்.”

“விஎஃப்னா?”

“அது மாடல் சார்.”

அதற்குமேல் அவரைத் துன்புறுத்த மனம் வரவில்லை.

இத்தனை முறுக்குவிசை நம் மணிக்கட்டைத் திருகிவிடாதா என்றால், திருகாது. மோட்டார் நேரடியாக நட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. உள்ளே ஓர் இரும்புச் சுத்தியல் சுற்றுகிறது. நட்டு அடம்பிடித்தால் அது ஸ்பிரிங்கை அமுக்கிப் பின்வாங்கி, துள்ளி வந்து சாக்கெட் மாட்டும் தண்டைப் பக்கவாட்டில் அறைகிறது; நிமிடத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் அறை. அறை நட்டுக்கு, அதிர்வு நமக்கு, சத்தம் மாடி வீட்டுக்காரருக்கு. இந்த அடியைத் தாங்கத் தடித்த கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான் வேண்டும். வீட்டில் கிடக்கும் பளபள குரோம் சாக்கெட்டை மாட்டினால் அது விரிசல் விட்டுத் தெறிக்கக்கூடும். அலாய் வீல் என்றால் கீறாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கெட். இப்படிக் குட்டிக் குட்டியாக பில் ஏறும். அவற்றை வீட்டில் தனித்தனியாகச் சொல்லத் தேவையில்லை.

1000 நியூட்டன் மீட்டர் கன் ஒன்றையும் தூக்கிப் பார்த்தேன். பேட்டரியோடு 3 கிலோவுக்கு மேல். லாரி வைத்திருப்பவர்களுக்கு நல்லது. என் ஹேட்ச்பேக்கின் நட்டுக்கு அதைக் காட்டுவதே மிரட்டல். கடைசியில் தீர்ப்புச் சொன்னது, காலண்டர் மாட்டுவதற்கென்று எப்போதோ வாங்கிய டிரில். அதன் பேட்டரி அதே கம்பெனி கன்னுக்குப் பொருந்தும், வேறு கம்பெனிக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ‘பாடி மட்டும்’ என்று கேட்டால் பேட்டரி, சார்ஜர் காசு மிச்சம். அரை இன்ச் தண்டு, பிரஷ்லெஸ் மோட்டார், நடுத்தர சைஸ் என்று எடுத்துவிட்டேன். என்ன, டிரில்லோடு வந்தது 2 ஆம்பியர்-ஹவர் பொடிப் பேட்டரி. அதை மாட்டினால் கன்னுக்கு மூச்சு வாங்குகிறது. பெட்டியில் போட்ட எண்ணெல்லாம் பெரிய பேட்டரியோடு எடுத்த எண். ஆகவே 5 ஆம்பியர்-ஹவர் ஒன்று வந்தது. “டிரில்லுக்கும் ஆகும்” என்றேன் வீட்டில். பொய்யில்லை.

சனிக்கிழமை காலை வாசலில் ஜாக்கி போட்டேன். ‘டர்ர்ர்’. சக்கரம் கையில். மாற்றி மாட்டும்போது கன்னைத் தள்ளி வைத்தேன். அதன் கையில் விட்டால் ஸ்டட் இழுபடும், மரை போகும். நட்டுகளை விரலால் ஏற்றி, எதிரெதிராக முடுக்கி, காரை இறக்கி, டார்க் ரெஞ்சை 108இல் வைத்து ‘க்ளிக்’ கேட்கும்வரை இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த மெக்கானிக் அண்ணன் நின்றுவிட்டார்.

“இவ்ளோ செலவு பண்ணி மிஷின் வாங்கிட்டுக் கையாலயா சார் முடுக்குறீங்க?”

“அது கழட்டறதுக்குண்ணே. முடுக்கறதுக்கு இது. தனியா வாங்கினேன்.”

அவர் டார்க் ரெஞ்சைப் பார்த்தார், வாசற்கதவைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வீட்ல தெரியுமா சார்?”