தெருவுக்கு ஒரு செயின் மாமா

கோயம்புத்தூரில் எந்தத் தெருவில் வீடு பார்த்தாலும் சிறுவாணித் தண்ணீர், பஸ் வசதி இவற்றோடு ஒரு செயின் மாமாவும் சேர்ந்தே கிடைப்பார். அட்வான்ஸில் அவருக்கென்று தனியாக எதுவும் பிடிப்பதில்லை. ஏதோ ஒரு பம்ப்செட் கம்பெனியிலோ ஃபவுண்டரியிலோ ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கட்டம் போட்ட லுங்கி, கை வைத்த பனியன், இடுப்பு மடிப்பில் ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல். தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தாலும் வாசலுக்கு வர மாட்டார். எவனாவது மோட்டார் சைக்கிளில் நீண்ட தூரம் கிளம்புகிறான் என்று தெரிந்தால் மட்டும் செருப்புப் போடக்கூட நேரமில்லாமல் வந்து நிற்பார்.

அவருக்கு யாரும் சொல்லியனுப்புவதில்லை. காதே அவருக்கு ஒற்றன். எண்ணெய் காணாத செயின் 'கிர்ர்' என்று அரைக்கும். தளர்ந்த செயின் ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் 'சளக்' என்று அடிக்கும். நாலு வீடு தள்ளிக் கேட்கும் இந்தச் சத்தம் மாமாவை மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். "எங்கூட்டுக் கொழாய் மூணு மாசமா ஒழுகுது. அது மட்டும் இவருக்குக் காதுல விழுகாது" என்பது அத்தையின் நிரந்தரப் புகார்.

பையன்கள் நாலு பேர் தனுஷ்கோடிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம், பாம்பன் என்று போனால் ஒரு வழிக்கே சுமார் 400 கி.மீ. முழங்கால் கவசம் வாங்கியாகிவிட்டது. ஹெல்மெட்டில் மாட்டுகிற கேமரா இரவல் வந்துவிட்டது. செல்போன் ஹோல்டர், பை கட்டும் ரப்பர் கயிறு, நாலு பேருக்கும் ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், ஒரு வாட்ஸ்அப் குரூப், அதற்குப் பெயர் வைப்பதில் ஒரு சண்டை, எல்லாம் முடிந்தாயிற்று. செயினை மட்டும் எவனும் குனிந்து பார்க்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் மாமா வருகிறார்.

"என்ன கண்ணு, டூரா?"

"ஆமாங்க மாமா. தனுஷ்கோடி. காலைல நாலு மணிக்குக் கெளம்பறமுங்க."

"நீங்க நாலு பேரும் போறது செரி. செயின் வருதான்னு அதைக் கேட்டீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். வண்டியைச் சென்டர் ஸ்டேண்டில் ஏற்றி, கீழ்ச் செயினின் நட்டநடுவில் ஒற்றை விரலை வைத்து மேலே தள்ளுவார், கீழே இழுப்பார். முகம் சுருங்கும். "கொடியில காயப்போட்ட ஈர வேட்டியாட்டம் தொங்குது" என்பார். ஸ்கேல் வெளியே வரும். மேலுக்கும் கீழுக்குமான ஆட்டம் பெரும்பாலான வண்டிகளுக்கு 25, 30 மில்லிமீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கும். சில வண்டிகளில் ஸ்விங் ஆர்மிலேயே ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். "அதைப் படிச்சியா?" என்று மாமா கேட்பார். அந்த ஸ்டிக்கரின் மேல்தான் பையன் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருப்பான்.

ஓரிடத்தில் அளந்தால் மாமாவுக்குத் திருப்தி வராது. செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, அளந்து, மறுபடி உருட்டி, எங்கே அதிகம் விறைக்கிறதோ அங்கே நிறுத்துவார். "இங்க வெச்சுத்தான் அளவு புடிக்கோணும். தொங்கற எடத்துல புடிச்சீன்னா, விறைக்கற எடம் வரும்போது செயின் அலறும்." அடுத்து, பின் சக்கரத்துச் செயினைப் பல்லிலிருந்து பின்பக்கமாக இழுத்துப் பார்ப்பார். பாதிப் பல் வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. செயினை மட்டும் மாற்றுகிறேன் என்று பையன் பேரம் பேசினால் நடக்காது. தேய்ந்த பல்சக்கரம் புதுச் செயினைச் சீக்கிரமே தின்றுவிடும். மாற்றினால் முன்னும் பின்னுமாக மூன்றையும் செட்டாகத்தான் மாற்ற வேண்டும்.

பல் தப்பித்தது என்று வையுங்கள். ஆக்ஸில் நட்டைத் தளர்த்துவார். இரண்டு பக்கத்து அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகி, இந்தப் பக்கம் எத்தனையாவது கோடோ அந்தப் பக்கமும் அத்தனையாவது கோட்டில் நிறுத்துவார். இல்லாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். இந்த நேரத்தில் எவனாவது ஒருவன் வாயை விடுவான்: "டைட்டாவே வெச்சிருங்க மாமா. தொங்காம இருக்குமுல்லங்க?"

மாமா வாழ்நாளெல்லாம் காத்திருந்த கேள்வி அது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார். "நீயும் உன்ற சிநேகிதனும் ஏறி உக்காருங்க." கனத்த இரண்டு பேர் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கும். முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் பிவட், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டை நெருங்க நெருங்க இரண்டு பல்சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் கூடும், செயின் விறைக்கும். மாமா ரோட்டிலேயே படுத்துக்கொண்டு, "இப்ப அமுக்கிப் பாரு" என்பார். அமுக்கினால் தொங்கிய செயின் கம்பியாக நிற்கும். "இதுக்கு மேல டைட்டு வெச்சா ஒட்டன்சத்திரத்துல சத்தம் வரும், திண்டுக்கல்லுல பேரிங் போகும். ஆக்ஸில் நட்டைச் செரியா முறுக்காம உட்டா அவ்வளவு தூரங்கூட இல்லை, தாராபுரம்." மாமாவின் நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி கிடையாது, ஊருக்கொரு கோளாறுதான் உண்டு. சக்கரம் நகர்ந்தால் டிரம் பிரேக்கின் பெடல் ஆட்டமும் மாறும் என்று அதையும் திருத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

அடுத்தது துடைப்பு. ரேஷனில் சீமெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் சேர்த்துவைத்த கேன் ஒன்று அவர் வீட்டில் உண்டு. பழைய பல் பிரஷ், கைப்பிடி பனியன் வேஸ்ட். கம்பி பிரஷ்ஷும் பெட்ரோலும் கொண்டுவருகிற பையனைப் பார்க்கும் பார்வையிலேயே அவன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவான். ஓ-ரிங் செயினில் ஒவ்வொரு கணுவுக்குள்ளும் கிரீஸை வைத்து ரப்பர் வளையத்தால் அடைத்திருப்பார்கள். வளையம் கெட்டால் கிரீஸ் வெளியேறும், மண் குடியேறும். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கிற கெட்டிக்காரனும் எல்லாத் தெருவிலும் உண்டு. அவனிடம் மாமா கத்துவதில்லை. "கையை நீட்டு கண்ணு" என்பார். பத்து விரலையும் ஒன்றொன்றாக எண்ணிவிட்டு, "இப்பத்திக்கு செரியா இருக்குது" என்பார்.

செயின் காய்கிற கால் மணி நேரத்துக்குள் சரித்திர வகுப்பு நடந்துவிடும். "சுவிட்சர்லாந்துல பொறந்த ஹான்ஸ் ரெனால்டுன்னு ஒருத்தரு, மான்செஸ்டர்ல இருந்துக்கிட்டு 1880-ல இந்த உருளைச் செயினைக் கொண்டாந்தாரு. அந்த மான்செஸ்டர்ல பொறந்ததை இந்த மான்செஸ்டர்ல ரோலான்னு பேர் வெச்சுப் பண்றோம். மெட்ராஸ்காரங்க டைமண்டுன்னு பண்றாங்க." கடைசி வாக்கியத்தை, பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிற குரலில் சொல்வார்.

எண்ணெய் விஷயத்தில் நாட்டில் மூன்று கட்சிகள். 90-ஆம் நம்பர் கியர் ஆயில் கட்சி, ஸ்ப்ரே கட்சி, வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எஞ்சின் ஆயிலே போதும் என்கிற சிக்கனக் கட்சி. மூவரும் ஒரே பேக்கரியில் டீ குடிக்க மாட்டார்கள். மாமா 90 கட்சி. கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுவார். சுற்றுகிற வேகத்தில் எண்ணெய் தானே வெளிப்பக்கம் வரும். மிச்சத்தைத் துடைத்தெடுப்பார். ராத்திரியே போட்டால்தான் ஊறும். "காலையில கெளம்பும்போது எண்ணெய் போடறவன் செயினுக்குப் போடறதில்லை, பின்னால உக்காரறவன் பேண்ட்டுக்குப் போடறான்." 500 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய், போய்வர 800 கி.மீ., ஆகவே ராமேஸ்வரத்தில் ஒருதரம் என்று கணக்குப் போட்டு, சின்ன பாட்டிலில் ஊற்றி, பையனின் பையில் டீ-ஷர்ட்டுக்கு அடியில் செருகிவிடுவார்.

எரிச்சல் என்னவென்றால், அவர் சொல்வதெல்லாம் சரி. தப்பாகச் சொல்கிறவராக இருந்தால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடலாம். சரியாகச் சொல்கிறவரை இரவு பத்தரை வரைக்கும் டார்ச் பிடித்துக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இத்தனை தெரிந்த மனிதர் எந்த வண்டி ஓட்டுகிறார் என்ற கேள்வியைப் பையன்கள் கேட்பதில்லை. கேட்டால் மனது கஷ்டப்படும். முழங்கால் வலிக்காக அத்தை கட்டாயப்படுத்தி வாங்கிய கியரில்லாத ஸ்கூட்டர். அதில் செயினே கிடையாது, பெல்ட். விரல் வைத்துப் பார்க்க வழியில்லாமல் மூடிக் கிடக்கிறது. பழைய ஹீரோ ஹோண்டா சிடி 100 ஒன்று போர்ட்டிகோவில் தார்பாயின் கீழ் நிற்கிறது. அதன் செயினை முழுதாக மூடிய கவரில் அளவு பார்க்கிற ஓட்டை ஒன்றும், அதற்கு ரப்பர் மூடி ஒன்றும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா அந்த மூடியைக் கழற்றி, விரலை விட்டுப் பார்த்து, "கரெக்டா இருக்குது" என்று மூடிவைப்பார். கேட்டைத் தாண்டி அந்த வண்டி போய் வருடக்கணக்காகிறது. கரெக்டாக இல்லாமல் அது எங்கே போய்விடும்?

மாமாவும் எங்கும் போவதில்லை. கூப்பிட்டால், "நான் வந்துட்டா இங்க யாரு பாக்கறது?" என்பார். எதைப் பார்ப்பது என்று சொல்ல மாட்டார். ஆனால் பையன்கள் போகிற ஒவ்வொரு ஊரும் அவருக்கு வேறு கணக்கில் தெரியும். வால்பாறை என்றால் அவருக்குத் தேயிலை இல்லை, 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது செயினுக்கு வேலை, இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. தனுஷ்கோடி என்றால் ஒரு பக்கம் மணல், ஒரு பக்கம் உப்புக் காற்று, இரண்டுமே செயினுக்கு ஆகாது.

போன பையன்கள் மூன்றாம் நாள் முழுசாகத் திரும்பி வருவார்கள். வழியில் ஒன்றும் நடந்திருக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் யாருக்கும் நன்றி சொல்லும் வழக்கமில்லை. என்றாலும் ஒருவன் மரியாதைக்காகச் செல்போனை நீட்டுவான். அரிச்சல்முனையில் சூரிய உதயம். இரண்டு கடலுக்கும் நடுவே நாலு வண்டி, நாலு டீ-ஷர்ட், வானமெல்லாம் சிவப்பு. "எப்படிங்க மாமா இருக்குது?"

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொள்வார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவார். சூரியன் வெளியே போகும், கடல் போகும், பையன்களின் தலைகள் ஒவ்வொன்றாகப் போகும். திரை நிறையப் பின் சக்கரம் வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"மண்ணு ஒட்டியிருக்குது. தொடச்சீங்களா இல்லையா?"