குறை தெரியாத கைகள்

பாகூர் கற்றவரை மதிக்கும் ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இங்கே இருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களை எழுதிவைத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. அந்த மண்ணில் பிறந்தவன் என்ற முறையில், கற்பதற்குச் சலிக்காத ஒரு கூட்டத்தாரைப் பாராட்டியாக வேண்டும். சனிக்கிழமை விடிகாலையில் புதுச்சேரி நகரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் முதுகில் கறுப்புப் பையோடு எங்கள் கொம்யூன் ஊர்களுக்குள் வந்து இறங்குகிற படக்காரர்களைத்தான் சொல்கிறேன்.

போட்டோ திருத்தும் மென்பொருளைக் கற்பது லேசான காரியம் இல்லை. லேயர், மாஸ்க், கர்வ்ஸ் என்று ஒவ்வொன்றும் கைக்குப் பழக மாதக்கணக்கில் உட்கார வேண்டும். ரா கோப்பில் இருட்டுக்குள் கிடக்கும் விவரத்தை இரைச்சல் இல்லாமல் மேலே கொண்டுவருவது தனி வித்தை. போதாததற்குப் பாடத்திட்டமும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1990இல் போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தபோது அதில் லேயரே கிடையாது. 2010இல், வேண்டாத பொருளை அழித்துவிட்டு அந்த இடத்தைச் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் தானே நிரப்பிக்கொள்ளும் வசதி வந்தது. 2020இல் வானத்தையே கழற்றி வேறு வானம் மாட்டும் வசதி. 2023இல் எழுதிக் கேட்டதை, இல்லாததை, வரைந்து தரும் வசதி. அலுவலகம் முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு கண்விழித்து இவற்றையெல்லாம் வந்த சூட்டோடு கற்றுக்கொண்டவர்கள் இவர்கள். இந்த உழைப்பில் பாதியாவது எங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

கற்றது வீணாகவும் இல்லை. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேரைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்டபோது கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். தேர் ஓடும் பல ஊர்களில் வீதிக்கு மேலே மின்கம்பியும் கேபிள் ஒயரும் வானத்தைக் கீறிக்கொண்டுதான் கிடக்கும். நம் படக்காரர் கணினித் திரையில் வைத்து அவற்றை ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார். வெறும் கம்பியை எடுப்பது பெரிதில்லை. தேருக்கு முன்னால் மூங்கில் கழியால் ஒயரைத் தூக்கிப் பிடித்தபடி ஓர் ஆள் நடந்துபோவார். ஒயர் போன பிறகு அவர் கழியை உயர்த்தி நிற்பது பொருந்தாது. அதையும் கவனித்து அவரையும் எடுத்துவிடுகிற நுட்பம் இருக்கிறதே, அதுதான் கல்வி. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் வேறு உண்டு. அத்தனை டன் மரம் உருண்டு வரும்போது குனிந்து கட்டையைச் செருகி, மூலை திருப்பிவிட்டு, கால் நசுங்காமல் விலகுவார்கள். வியர்வையும் எண்ணெய்க் கறையுமாக அவர்கள் சட்டகத்தின் அடியில் இருப்பதால், கீழ் ஓரத்தை வெட்டியதில் போய்விடுகிறார்கள். ஆளில்லாமல் நகர்ந்து ஆளில்லாமல் திரும்பும் தேரைப் பரம்பரை பரம்பரையாக வடம் பிடித்த நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. அவர்கள் படத்தில்தான் கண்டோம்.

பாகூர் ஏரிக்கு அவர்கள் செய்திருக்கும் உபகாரம் இதைவிடப் பெரிது. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அந்த ஏரிக்குத் தண்ணீர் வர வேண்டும். பங்காரி, சிங்காரி என்ற சகோதரிகள் தங்கள் செல்வத்தைக் கொட்டி வெட்டுவித்த வாய்க்கால் என்று ஊரில் சொல்வார்கள். எவ்வளவு கொட்டினாலும் மழை இல்லாமல் அவர்களால் ஏரியை நிரப்ப முடியாது. படக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சித்திரை வெயிலில் எடுத்த ஏரிக்கு ஐப்பசி மேகத்தை ஏற்றிவிடுகிறார். மேகம் மேலே கறுத்துவிட்டால் தண்ணீரிலும் கறுக்க வேண்டும் என்று, தண்ணீரில் தெரியும் பழைய வானத்தையும் தேடிப் பிடித்து மாற்றுகிறார். கரையில் கிடக்கும் குவார்ட்டர் பாட்டிலும் தெர்மாகோலும் நெகிழிப் பையும் ஒரே இழுப்பில் மறைகின்றன. ஊசுட்டேரியிலும் இதே கைங்கரியம்தான். 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. அறிவித்து இத்தனை வருடத்தில் அந்தக் கரையை யாராலும் இவ்வளவு சுத்தமாக்க முடிந்ததில்லை. படக்காரர் சாயங்காலத்துக்குள் முடித்துவிடுகிறார்.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஏரித் தண்ணீர் மதகில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தே என்ன மாதம், எத்தனை காணிக்குப் பாயும் என்று சொல்லிவிடுவார்கள். அப்படி ஒருவரிடம் இந்தப் படத்தைக் காட்டினால் அவர் நெடுநேரம் பார்க்கிறார். எந்த ஏரி என்று கேட்கிறார். தன் பாட்டனும் பாட்டனின் பாட்டனும் பாய்ச்சிய ஏரியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த கண்ணுக்கே அடையாளம் தெரியாதபடி அழகாக்கிக் காட்டுவது சாதாரணத் திறமையா? இன்னும் ஐம்பது வருடம் கழித்து, இந்த ஏரி எந்த வருடம் வற்றியது, குப்பை எப்போது வந்து சேர்ந்தது என்று ஒரு பேரப்பிள்ளை படங்களைப் புரட்டித் தேடினால், இவர்கள் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் ஒன்றில்கூட எங்கள் மேல் ஒரு குற்றமும் இருக்காது. ஏரியைக் காக்கத் தவறிய எங்களை இவ்வளவு முழுமையாக மன்னித்தவர்கள் வேறு யாரும் இல்லை.

முகங்களிடத்தும் அவர்களுக்கு இரக்கம் உண்டு. பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். நடவுக்காலத்தில் சேற்றில் வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்களைப் படமெடுக்காமல் எவரும் திரும்புவதில்லை. உச்சிவெயிலில் முக்காட்டு நிழலுக்குள் கண்ணும் மூக்கும் கறுப்பாக அடைந்துபோகும். நிழலை மட்டும் அளவாகத் தூக்கினால் அந்த முகத்தில் உள்ள ஒவ்வொரு ரேகையும் எழுந்து வரும். மென்பொருள் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் இது தலையாயது, இதை மனமார மெச்சுகிறேன். நம் படக்காரர் அங்கே நிற்பதில்லை. ரேகையை மெழுகுகிறார், நிறத்தை இரண்டு படி வெளுக்கிறார், சேற்றுக்குப் பொன்னிறமும் வயலுக்கு நீலம் கலந்த பச்சையும் ஊட்டுகிறார். எங்கள் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் தாய்மாருக்கு வேறொரு தேசத்துத் தோல் கிடைத்துவிடுகிறது. அதற்கு ஒரு காசும் அவர் வாங்குவதில்லை.

முன்பு எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்காரர்களும் டச்சிங் செய்தார்கள். கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து அம்மைத் தழும்பை ஆற்றுவார்கள். ஆனால் அவர்கள் சுதந்திரம் இல்லாதவர்கள். தழும்புக்குச் சொந்தக்காரி எதிரே உட்கார்ந்து, இதை எடுத்துடுங்க, இந்த மச்சம் இருக்கட்டும் என்று சொன்னால்தான் கை வைக்க முடியும். முடித்த படத்தை அவள் வாங்கிப்போய்த் தன் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவாள்; ஸ்டூடியோக்காரருக்குக் கூலிதான் மிச்சம். இப்போதுள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. படத்தில் இருப்பவரைக் கேட்க வேண்டியதும் இல்லை, அவருக்குக் கொடுக்க வேண்டியதும் இல்லை.

திருத்தத்தில் இவர்களுக்குக் கொஞ்சமும் எட்டாத படக்காரர்களும் புதுச்சேரியில் இருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அடுத்த ஆண்டிலிருந்தே கோயில் கோயிலாக ஆளனுப்பிப் படம் எடுக்கத் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. சிலையை நேராக நிறுத்தி, உள்ளது உள்ளபடி எடுத்து, ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதிவைத்த படங்கள். பார்த்தவுடன் மயங்குவதற்கு அவற்றில் ஒன்றும் இல்லை.

1958இல் அப்படித்தான் அனந்தமங்கலம் இராஜகோபாலசுவாமி கோயிலின் இராமர், சீதை, இலக்குவன் வெண்கலச் சிலைகளை எடுத்தார்கள். 1978இல் அவை களவு போயின. நாற்பது வருடம் கழித்து லண்டனில் ஒருவரிடம் இருந்த சிலைகள் அனந்தமங்கலத்துச் சிலைகள்தானா என்ற கேள்வி வந்தபோது, பதில் சொன்னவை அந்த 1958 படங்கள். 2020இல் இராமர் நாடு திரும்பினார். மெழுகு அச்சை உருக்கி வார்க்கும் முறையில் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். அதனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. விரல் மடிப்பில் ஒரு கோணல், பீடத்தில் ஒரு வடு, நெற்றியில் ஒரு தேய்வு என்று குறைகள்தாம் சிலையின் முகவரி. அந்தக் காலத்தில் இப்போதுள்ள மென்பொருளும் அதில் தேர்ந்த நம் படக்காரரும் இருந்திருந்தால் வடு ஆறியிருக்கும், தேய்வு நிரம்பியிருக்கும், பீடத்துக்குப் பின்னால் நல்ல அந்திவானமும் வந்திருக்கும். இராமருக்கு லண்டனை விட்டுப் புறப்படும் சிரமமும் வந்திருக்காது.

அடுத்து, நம் படக்காரர்கள் முதுகில் சுமக்கும் பை. ஒரு பயணப் பையைத் தேர்ந்தெடுக்க இவர்கள் காட்டும் அக்கறையைப் பெண் பார்க்கப் போகிறவர்களிடம்கூட நான் பார்த்ததில்லை. எத்தனை லிட்டர், உள்தடுப்பை இடம் மாற்றி ஒட்ட முடியுமா, இடுப்புப் பட்டை பளுவைத் தாங்குமா, உள்நாட்டு விமானத்தில் கையோடு அனுமதிக்கும் 7 கிலோவுக்குள் அடங்குமா என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஐப்பசியில் இங்கே ஒரு மழை பிடித்தால் தெரியும், மழையுறை இல்லாத பை பை இல்லை. அதை மறக்காமல் வாங்குகிறார்கள். முதுகுப் பக்கம் திறக்கிற பையைத்தான் பலரும் விரும்புகிறார்கள், திருடன் கை வைக்க முடியாது என்பதற்காக. பெரும்பாலும் முதுகிலிருந்து இறக்கித் தரையில் கிடத்தித்தான் அதைத் திறக்க வேண்டும். தேரடியில் பை கிடத்த இடம் பார்த்து, ஜிப்பை இழுத்து, தடுப்புக்குள்ளிருந்து லென்ஸை எடுத்து மாட்டுவதற்குள் தேர் ஒரு திருப்பம் திரும்பிவிடும். திருடனுக்கு அகப்படாத பை தேருக்கும் அகப்படுவதில்லை.

1970களில் பிலடெல்பியா இன்குயரர் பத்திரிகையின் படக்காரர் ஜிம் டாம்கே தமக்கென்று ஒரு பை செய்துகொண்டார். கான்வாஸ் துணி, திணிப்பு கிடையாது, இடுப்பில் தொங்கும், பார்க்காமலே மேலிருந்து கை விட்டு எடுக்கலாம். வேலையின் அவசரத்துக்காக ஆன பை அது. செய்திப் படக்காரர்கள் தோளில் அது நிறம் போய் நைந்து தொங்கியது. எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கும் சாவுக்கும் டிவிஎஸ் 50இல் போய் வந்த படக்காரர் தம் யாஷிகாவை ரெக்ஸின் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டியிருப்பார். பிடி அறுந்து தைத்து, மறுபடி அறுந்து தைத்த பை. இன்றைய படக்காரரின் பையில் ஒரு கீறல் காட்ட முடியுமா? லென்ஸ் மூடியில் தூசு காட்ட முடியுமா? கருவியை இப்படித் துடைத்துக் காத்து வைத்திருந்தவன் முன்பு காஞ்சியில் தொண்டைமான். அந்தப் படைக்கருவிகளை ஔவை நேரில் போய்ப் பார்த்து வந்தாள்.

அக்கறையோடு ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். திணிப்புப் பை அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் மூடியே வைத்த லென்ஸில் சிலந்திவலைபோல் பூஞ்சை படரும். சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஊறிப்போனால் உதவாது. பை பயணத்துக்கு, வீட்டில் லென்ஸை வெளியே, காற்றும் வெளிச்சமும் படும் இடத்தில் வைக்க வேண்டும். அடிக்கடி எடுத்துப் புழங்குகிற லென்ஸில் பூஞ்சை பிடிப்பது குறைவு.

போன தையில் நடவுக்காரம்மா ஒருவர் கரையேறி வந்து, சேற்றுக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எடுத்த போட்டோ எப்ப வரும் தம்பி?" என்று கேட்டார். "அனுப்புறேம்மா" என்றார் அந்தத் தம்பி. எங்கே அனுப்புவது என்று அவர் கேட்கவில்லை. அந்த மரியாதையான பதிலுக்குக் குறை சொல்ல முடியாது. ஏழெட்டு அறை உள்ள பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வரப்பில் ஒரு நாற்றையும் மிதிக்காமல் போனார். அந்த அம்மா இன்னும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் விசாரிக்கிறார்.

அந்தப் பையின் பின்புறத்தில் லேப்டாப்புக்கென்று தட்டையாக ஓர் அறை வைத்திருக்கிறார்கள். வைத்தவன் கெட்டிக்காரன். 4க்கு 6 அங்குலப் படங்கள் நூறு வைத்தாலும் மடங்காமல், நனையாமல் அதில் நிற்கும். புதுச்சேரியில் கொடுத்தால் காத்திருக்கும் நேரத்திலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். வைகாசித் தேருக்கு எப்படியும் வரத்தான் போகிறார்கள். ஒயர் தூக்கிப் பிடித்தவர் வேண்டும், முட்டுக்கட்டைக்காரர்கள் வேண்டும், நடவுக்காரம்மா முகம் அவர் நிறத்திலேயே வேண்டும். திருத்தாத கோப்பு அவர்களிடம் பத்திரமாக இருக்கும். பத்திரப்படுத்துவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.