லோஞ்சு ஓடாத நாள்

ராசா, நீ அனுப்பின வீடியோவை மூண்டு தரம் பாத்தன். முதல் தரம் உனக்கு என்னவோ நடந்துபோச்சு எண்டு பயந்து. ரண்டாந் தரம் என்ன நடந்தது எண்டு விளங்க. மூண்டாந் தரம் பக்கத்து வளவுக் கிழவியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரிக்க. வாசலில முழங்காலளவு ஸ்னோ, நடுவில நீ, கையில சவல். வானத்தைப் பாத்து ஒரு பெருமூச்சு: "ஏன்தான் இந்த நாட்டுக்கு வந்தமோ!" மோனை, நீ உந்த நாட்டுக்கு வரேல்லை. நீ அங்கைதான் பிறந்தனி. வந்தது கொப்பன்.

இருபத்தொன்பது மாரி கண்ட பெடியன் நீ. ஆனால் ஒவ்வொரு மாரியும் உனக்குப் புதுசு. சொல்லாமல் வந்த விருந்தாளியைக் கண்ட மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறாய். கார்த்திகையில வந்து பங்குனி மட்டும் குந்தியிருக்கிற ஆள் அவர், வராமல் விட்ட வருசம் ஒண்டு சொல்லு பாப்பம்? வாறவர் வருவார் எண்டு தெரிஞ்சும் பாய் எடுத்து வைக்காதது ஆற்றை பிழை?

கிழவனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும் எண்டு நீ நினைப்பாய். 2013 மாரிக்கு நான் உங்கடை ஸ்காபரோ வீட்டில கிடந்ததை மறந்திட்டியோ? முதல் நாள் என்னை வெளியில கூட்டிக்கொண்டு போக, திருவிழாவில சுவாமிக்குச் சாத்துப்படி செய்யிற மாதிரி எல்லோ கொப்பன் எனக்கு உடுப்புப் போட்டவன். உள்ளுக்கு ஒண்டு, அதுக்கு மேல ஒண்டு, அதுக்கு மேல சிவப்பு ஜக்கெற், கழுத்துக்கு ஒண்டு, காதுக்கு ஒண்டு, ரண்டு சோடி மேஸ், யானைக்கால் மாதிரி ஒரு சப்பாத்து. எல்லாம் பூட்டி முடிய எனக்கு ஒண்டுக்குப் போகவேண்டி வந்தது. கழட்டிப் போய் வந்து திரும்பப் பூட்ட பஸ் போட்டுது. பேந்து வந்த பஸ்ஸும் போட்டுது. அண்டைக்குத்தான் குளிர் நாட்டின்ரை முதல் பாடம் எனக்குப் பிடிபட்டது: வெளிக்கிட முந்தி, வயிற்றை விசாரி.

உடுப்பு எண்ட உடனை ஞாபகம் வருது. நீ வீடியோவில ஒரு மெல்லிய பெனியனும் அதுக்கு மேல ஆயிரம் டொலர் ஜக்கெற்றும். விலைதான் குளிரை மறைக்கும் எண்டு ஆர் உனக்குச் சொன்னது? எங்கடை நெடுந்தீவின்ரை கல்வேலியை நீ படத்திலதான் பாத்திருப்பாய். முருகைக்கல்லை ஒண்டுக்கு மேல ஒண்டாய் அடுக்கினதுதான், சுண்ணாம்பும் இல்லை சீமெந்தும் இல்லை. கல்லுக்குக் கல் இடுக்கு. வாடை அந்த இடுக்குகளுக்குள்ள பூந்து பூந்து களைச்சுப் போகும், வேலி நிக்கும். சீமெந்து மதில் கட்டின எங்கடை சொந்தக்காரர் ஒருத்தற்றை மதில் முதல் மாரியிலேயே படுத்திட்டுது. உடம்புக்கும் அப்பிடித்தான் எண்டு நான் சொல்லுறன். ஒரே தடிப்பாய் ஒண்டு போடாதை, மெல்லிசாய் மூண்டு போடு. இடையில நிக்கிற காத்துத்தான் சூட்டைப் பிடிச்சு வைக்கிறது, துணி இல்லை. வேர்த்தால் ஒண்டைக் கழட்டு. வேர்வை ஊறின பெனியனோட நிண்டால் ஆயிரம் டொலர் ஜக்கெற்றுக்குள்ளையும் பல்லுக் கிட்டும்.

பஸ் தரிப்பில நிக்கேக்க முகத்தில காத்து அடிக்குது எண்டு முறைப்பாடு வைச்சாய். எங்கடை கட்டைக் குதிரையளிட்டைக் கேள். போத்துக்கீசன் விட்டதோ ஒல்லாந்தன் விட்டதோ, அதுகள் ஆற்றை பிச்சையும் இல்லாமல் வெளியில நிண்டு மாரியைத் தாண்டுதுகள். மழை காத்தெண்டால் எல்லாம் ஒரு பக்கம் பாத்து நிக்கும், வாலைக் காத்துக்குக் காட்டி. முகத்தைக் காட்டிக்கொண்டு நிக்கிற குதிரையை நான் இண்டுவரைக்கும் காணேல்லை. நீ பல்கலைக்கழகம் படிச்சனி.

இனிச் சவலுக்கு வாறன். நீ அள்ளுற விதத்தைப் பாத்தால் குளம் வெட்டுற மாதிரி இருக்கு. குனிஞ்சு, நிறைய அள்ளி, தோளுக்கு மேலாலை எறியிறாய். தள்ளடா. தள்ளு. தூக்க வேண்டி வந்தால் அரைவாசி தூக்கு. ஈர ஸ்னோ எண்டால் தண்ணிதான், அது ஈரச் சீமெந்து மாதிரிப் பாரம். வெறும் வயிறு, விறைச்ச காத்து, குளிருக்கு நரம்பு நாடி எல்லாம் சுருங்கிக் கிடக்கிற நேரம் உப்பிடிப் பாரம் தூக்கி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுறவை அங்கை வருசா வருசம் இருக்கினம், டொக்டர்மாரும் வருசா வருசம் சொல்லுகினம். நீ இளந்தாரி, தப்பிடுவாய். கொப்பனுக்கு அறுபது, அவனிட்டைச் சவலைக் குடுக்காதை. "எனக்கு ஒண்டும் செய்யாது" எண்டு சொல்லுவான். அவன் சின்னனில கிணத்துக்குள்ள விழ முந்தியும் அதைத்தான் சொன்னவன்.

ஸ்னோ அள்ள ஆள் இல்லையெண்டு கவலைப்படாதை, உங்கடை ஊரில ஆமியே வந்து அள்ளும். பகிடி இல்லை. 1999 தையில ரொறன்ரோவில ஒரு மீற்றருக்கு மேல ஸ்னோ கொட்ட, மேயர் மெல் லாஸ்ட்மன் ஆமியைக் கூப்பிட்டவர். கனடாவின்ரை மற்ற ஊர்க்காரர் எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சவையாம். எங்கடை சனம் சிரிக்கேல்லை. ஆமி வாறான் எண்டு கேட்டு வீட்டை விட்டு ஓடி, கடல் தாண்டி, வானம் தாண்டி வந்து அப்பதான் ஒரு மூச்சு விட்டிருக்குதுகள். ரீவியில சொல்லுறான், "ஆமி வருது." ஒருத்தர் பாஸ்போட்டையும் நகைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்ருக்குள்ள இறங்கினவராம். கொப்பன் சொன்ன கதை. நான் நம்பேல்லை, ஆனால் சொல்லாமல் விடவும் மனமில்லை.

பேந்து அந்த உப்பு. அதைப் பாத்துத்தான் எனக்கு உண்மையா நெஞ்சு அடைச்சது. லொறி லொறியாய்க் கொண்டுவந்து றோட்டில விசிறுறாங்கள்! நாங்கள் இந்தத் தீவில உப்பில்லாத ஒரு குடம் தண்ணிக்காக எத்தினை தலைமுறை நடந்திருப்பம். கன கிணறு உவர். நல்ல தண்ணி எண்டால் சாராப்பிட்டிப் பக்கம் குடத்தோட போறதுதான். அங்கை எண்டால் நல்ல தண்ணி வாசல் நிறையக் குவிஞ்சு கிடக்கு, நீங்கள் அதுக்கு மேல உப்பைக் கொட்டி ஓடவிடுறியள். கடைசியில அது ஒன்ராறியோ ஏரிக்குப் போகுது, குடிக்கிற தண்ணியும் அதே ஏரியில இருந்துதான் வருது. உப்புத் திண்டவன் தண்ணி குடிப்பான் எண்டு எங்கடை ஆக்கள் சொன்னது உதைத்தானோ தெரியேல்லை. சரி, கொட்டுறதெண்டால் ஒரு விசயம் தெரிஞ்சு கொட்டு. உப்பு ஐஸைச் சுடுறதில்லை, தண்ணி உறையிற சூட்டைக் கீழ இறக்கி விடுறது மட்டும்தான். மைனஸ் 10க்குக் கீழ போனால் சாதாரண உப்புக்கே சோம்பல் வந்திடும். மைனஸ் 20இல நீ முழு மூட்டையையும் கவிழ்த்தது உப்புக்கட்டி போட்டுக் கும்பிட்ட மாதிரி. அண்டைக்கு மண்ணைப் போடு, சறுக்காது.

நான் சொல்ல வந்த கதை வேறை. உதெல்லாம் வழியில ஏறினது.

இஞ்சை கார்த்திகை மார்கழியில வாடை எழும்பினால், எங்கடை மாவிலித்துறைக்கும் குறிகட்டுவானுக்கும் நடுவில கடல் கொதிக்கும். நல்ல நாளில ஒரு மணித்தியால ஓட்டம். காத்து நாளில லோஞ்சு கட்டினது கட்டினபடிதான். அப்ப துறையில ரண்டு விதமான ஆக்களைக் காணலாம். ஒரு சாதி, பையைத் தோளில கொழுவிக்கொண்டு விடியப் போய் நிக்கும். மணிக்கூட்டைப் பாக்கும், கடலைப் பாக்கும், லோஞ்சுக்காரரோட சண்டை பிடிக்கும், நனையும், பின்னேரம் தடிமனோட திரும்பும். அடுத்த நாளும் போகும். உவை அனேகமாய் வெளியூரில இருந்து வந்த உத்தியோகத்தர்மார், இல்லாட்டி புது மாப்பிள்ளை. மற்றச் சாதி எங்கடை கிழடுகள். வேலிக்கு மேலாலை கடலை ஒருக்கால் எட்டிப் பாக்குங்கள். "இண்டைக்கு ஓடாது." அவ்வளவுதான். போய் உலை வைச்சிடுங்கள்.

நீ முதல் சாதி. வெளியில புயல், வானொலியில போகாதை எண்டு சொல்லுறான், நீ ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி வேணுமெண்டு காரை எடுத்து, றோட்டுக்கரைப் பள்ளத்தில விட்டு, இழுவைக்காரனுக்குக் காசு குடுத்து, எனக்கு அந்தப் படத்தையும் அனுப்பினனி. வீட்டில கோப்பித்தூள் இருந்ததோ எண்டு நான் கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்.

ஸ்னோ கொட்டின அண்டைக்கு ஸ்காபரோவும் ஒரு தீவுதான் ராசா. நீ தீவான்ரை பேரன். தீவான் வாடைக்கு முன்னம், புரட்டாசியிலேயே வீட்டை நிரப்பிப்போடுவான். அரிசி, மா, மண்ணெண்ணெய், நனையாத விறகு, கருவாடு, ஒடியல், பனாட்டு. நீ வின்ரர் ரயர் மாத்தப் போனது எப்ப? முதல் ஸ்னோ விழுந்த அண்டு. ரொறன்ரோவில இருக்கிற அரைவாசிச் சனம் அண்டைக்குத்தான் அங்கை நிண்டிருக்கும். ஸ்னோ விழத் தேவையில்லை மோனை, 7 பாகைக்குக் கீழ போனாலே கோடை ரயரின்ரை றப்பர் இறுகிப்போகும் எண்டு அந்தக் கராச்சுக்காரனே எனக்குச் சொன்னவன். அது ஐப்பசிக் கடைசி. அந்த மாசம் உனக்கு என்ன வேலை இருந்தது?

2013 மார்கழியில வந்த ஐஸ் மழையை நீ மறந்திருக்க மாட்டாய். நத்தாருக்கு நாலு நாள் முன்னம். மரமெல்லாம் கண்ணாடி பூசின மாதிரி மினுங்கிக்கொண்டு நிண்டு, விடிய மடார் மடார் எண்டு முறிஞ்சு கம்பியளில விழுந்தது. ரொறன்ரோவில மட்டும் 3 லட்சம் இணைப்புக்குக் கரண்ட் இல்லை. நீ பதினேழு வயசுப் பெடியன், போனில சார்ச் இல்லையெண்டு அழுவாரைப்போல இருந்தனி. நான் என்ன செய்தன்? ஒரு ஜாம் போத்தல் கேட்டன். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை நேரம் மண்ணெண்ணெய் பவுணுக்கு நிகர். யாழ்ப்பாணச் சனம் ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு, அதில துளி எண்ணெய் விட்டு, திரி கொழுத்தித்தான் பிள்ளையளைச் சோதினைக்குப் படிப்பிச்சது. உங்கடை குசினியில தேங்காயெண்ணெய் இருந்தது. விளக்கு எரிஞ்சுது. கொம்மா அதைப் படம் எடுக்கப் போனிலை சார்ச் இல்லை.

அண்டைக்கு அங்கை சில வீடுகளில குளிர் தாங்காமல் பார்பிகியூ அடுப்பை உள்ளுக்குக் கொண்டுவந்து கரி மூட்டினவை. இந்த இடத்தில மட்டும் நான் பகிடி விடேல்லை, கவனமாய்க் கேள். எங்கடை பனையோலைக் குசினிக்கு மூலைக்கு மூலை ஓட்டை, புகையும் போகும் நஞ்சும் போகும். உங்கடை வீடு மூடி போட்ட போத்தல். கரி விடுற நஞ்சுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, நித்திரையிலேயே கொண்டு போடும். அதுக்கெண்டு சுவரில ஒரு மணி பூட்டியிருக்கு. அதின்ரை பற்றியைக் கழட்டி ரீவி றிமோட்டுக்குப் போட்டது ஆரெண்டு எனக்குத் தெரியும். திரும்பப் போடு.

உன்ரை மற்ற முறைப்பாடு இருட்டு. மார்கழியில நாலேமுக்காலுக்கு முந்தி சூரியன் விழுந்திடுறார், மனம் சோருது எண்டாய். அது உண்மைதான். எங்கடை கறுத்தத் தோலுக்கு அந்தச் சரிஞ்ச வெயில் காணாது, அதுதான் டொக்டர் விற்றமின் டி தாறவர். இஞ்சை சும்மா கிடக்கிற வெயிலை அங்கை குளிசையாக்கி விக்கிறாங்கள். வாங்கிப் போடு, வெக்கப்படாதை. ஆனால் சோருறதுக்குக் குளிசை மட்டும் காணாது. வாடை நாளில நாங்கள் என்ன செய்வம்? ஒரு வீட்டில கூழ் காய்ச்சுவம். ஒடியல் மா, கிடைச்ச மீன், நண்டு, பயித்தங்காய், பிலாக்கொட்டை, புளி, கண்ணில தண்ணி வாற அளவு செத்தல் மிளகாய். தனிய ஒருத்தன் ஒடியற் கூழ் காய்ச்சினதாய்ச் சரித்திரமே இல்லை. அந்தச் சட்டிக்கு இருபது பேர் வேணும். ஸ்காபரோத் தமிழ்க் கடையில ஒடியல் மா வாங்கலாம். இருபது பேரை எங்கை வாங்கிறது எண்டு கேக்காதை, பக்கத்து வீட்டுச் சீனன்ரை கதவைத் தட்டு. அவனும் உன்னைப்போல வானத்தைப் பாத்துக்கொண்டுதான் நிப்பான்.

பொங்கலையும் தைக் குளிரிலதான் வைச்சிருக்கிறியள். 2016இல கனடாப் பாராளுமன்றம் தை மாசத்தைத் தமிழ் மரபு மாதமாக்கினது. நல்லது. பன்னிரண்டு மாசத்தில எங்கடை மரபுக்குக் கிடைச்சது வெளியில காட்டினால் விறைச்சுப்போற மாசம். வேட்டியோட மேடையில நிண்டு பல்லுக் கிட்டிக்கொண்டு, "தமிழன்டா" எண்டு நீ சொன்ன வீடியோவும் என்னட்டை இருக்கு.

ஒல்லாந்தனை நினைச்சுப் பார். அவன் தன்ரை ஊர்க் குளிரை விட்டிட்டு வந்து, இந்த வெயில் தீவுக்குத் தன்ரை ஊர்ப் பேரை வைச்சான், டெல்வ்ற் எண்டு. நாங்கள் இந்த வெயிலை விட்டிட்டுப் போய், மார்க்கம் ஸ்னோவுக்குள்ள ஒரு றோட்டுக்கு வன்னி எண்டு பேர் வைச்சிருக்கிறம். ஆர் கெட்டிக்காரன் எண்டு நான் தீர்ப்புச் சொல்லமாட்டன். அவன் திரும்பிப் போட்டான், அதை மட்டும் சொல்லுறன்.

அந்தச் சிவப்பு ஜக்கெற் எங்கையெண்டு கொப்பன் ஒவ்வொரு முறையும் கேக்கிறவன். பெட்டிக்குள்ள வடிவாய் இருக்கு எண்டு நான் சொல்லுறனான். உனக்கு மட்டும் உண்மையைச் சொல்லுறன். 2022 மார்கழியில மாண்டஸ் புயல் போனபோது ஒரு குளிர்காத்து அடிச்சுது. உங்கடை கணக்குக்கு அது குளிரே இல்லை, நீங்கள் அரைக் காற்சட்டையோட திரிவியள். ஆனால் வடக்கிலையும் கிழக்கிலையும் நூற்றுக்கணக்கில மாடும் ஆடும் நிண்ட நிலையிலேயே விறைச்சுச் செத்ததுகள். என்ரை வளவில பிறந்து பத்து நாள் ஆகாத கண்டு ஒண்டு. கால் நடுங்குது, தாயின்ரை மடிக்குப் போக ஏலாமல் நிக்குது. ஜக்கெற்றை எடுத்து முன்னங்கால் ரண்டையும் கையுக்குள்ளால விட்டு, முதுகுப் பக்கம் சிப்பை இழுத்துப் பூட்டினன். தொப்பியையும் போட்டுவிட்டன். விடிய எழும்பிப் பாக்க, அது தொப்பியோட பால் குடிச்சுக்கொண்டு நிக்குது.

கண்டு இப்ப பசு. விடியக்காலம் ரண்டு போத்தல் கறக்குது. ஜக்கெற்றைத் தோய்ச்சுப் பாத்தன், சாண மணம் போகேல்லை. நீ வரேக்க எனக்கு வேறை ஒண்டு கொண்டா. தையில வாறதெண்டால் லோஞ்சு ஓடுதோ எண்டு முதல் ஒருக்கால் போன் பண்ணிக் கேள்.