பின்னல்தலையனும் கட்டையனும்

ஸ்காபரோ,
2019 ஜூலை 28

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்காலுக்கு அனுப்பிய தைலம் கிடைத்ததாகத் தங்கச்சி சொன்னாள். போன மாதம் வைபரில் நீங்கள் கேட்டீர்கள்: "என்னடாப்பா, ஒரு பந்து விளையாட்டுக்கு ரொறன்ரோவையே பூட்டிப்போட்டு ஊர்வலம் போனவையாம், உண்மையே?" பதில் சொல்லத் தொடங்கினேன். "கேக்குதே? கேக்குதே?" என்று இரண்டு பக்கமும் கத்தியதில் நேரம் போய்விட்டது. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன். ஆயுள் முழுக்கக் கரப்பந்தாட்டத்துக்கு விசில் ஊதிய மத்தியஸ்தர் நீங்கள். நான் சொல்லப்போவதில் பாதி உங்களுக்குப் பிடிக்காது.

ஊர்வலம் உண்மை. ஜூன் 17, திங்கட்கிழமை. பத்து லட்சத்துக்கு மேல் சனம். வேலைத்தலத்தில் அன்று வயிற்றுவலி என்று அறிவித்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் நகரத்துக் குடிநீரில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்பீர்கள். கடைசியில் யாரோ துப்பாக்கியால் சுட்டு நாலு பேர் காயப்பட்டதும் உண்மை. உயிர்ச்சேதம் இல்லை. நாங்கள் தூரத்தில் நின்றோம், சித்தி பயப்பட வேண்டாம்.

நடந்தது இதுதான். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் 30 அணிகள். அவற்றில் 29 எல்லைக்கு அந்தப் பக்கம். ஒன்றே ஒன்று இந்தப் பக்கம், எங்கள் ராப்டர்ஸ். 1995இல் விளையாடத் தொடங்கிய அணி. அந்தக் காலத்து டைனோசர் பட மோகத்தில் ஒரு டைனோசரின் பெயரையே வைத்துவிட்டார்கள். அதே வருடம் வன்கூவரிலும் ஓர் அணி தொடங்கினார்கள். அது ஆறு வருடத்தில் மூட்டைகட்டிக்கொண்டு மெம்பிஸுக்குப் போய்விட்டது. எங்களுடையது போகவில்லை, வெல்லவும் இல்லை. 2016, 2017, 2018 என்று மூன்று வருடம் தொடர்ச்சியாக லெப்ரான் ஜேம்ஸ் என்ற ஒரு மனிதரின் கையால் தோற்று வீடு திரும்பினார்கள். அமெரிக்காக்காரர்கள் எங்கள் நகரத்தின் பெயரோடு அவருடைய பெயரைச் சேர்த்துக் கேலிப் பெயர் கட்டினார்கள்.

இவ்வளவுக்கும் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவரே ஒரு கனடாக்காரர். ஜேம்ஸ் நைஸ்மித், ஒன்ராறியோவில் அல்மொன்ற் என்ற ஊர். 1891இல் மாசச்சூசெட்ஸில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தபோது, குளிர்காலத்தில் மண்டபத்துக்குள் அடைபட்டுக் குழப்படி செய்த பெடியளை அடக்க வழி தேடினார். இரண்டு பீச் பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் அடித்து, 13 விதிகளும் எழுதினார். கூடைக்கு அடி இருந்தது. பந்து விழுந்தால் ஒருவர் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுக்கவேண்டும். வெளிநாடு போய்ப் பெயரெடுத்த மனிதர் என்பதால் எனக்கு அவரில் தனிப் பிரியம்.

போன வருடம் ராப்டர்ஸ் நிர்வாகம் இரண்டு காரியம் செய்தது. முதலில் பயிற்சியாளர் டுவேன் கேசியை மே மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூன் மாதம் அவருக்கே அந்த வருடத்தின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது! அவர் அதை எந்த முகத்தோடு வாங்கினார் என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. இரண்டாவது, ஒன்பது வருடம் இந்த நகரத்துக்காக உழைத்த டெமார் டிரோசனைச் சான் அன்ரோனியோவுக்குக் கொடுத்து, அங்கிருந்து கவாய் லெனார்டை வாங்கினார்கள். கவாயின் ஒப்பந்தத்தில் ஒரு வருடம்தான் மிச்சம். அந்த வருடம் முடியப் போய்விடக்கூடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கவாய் ஆறடி ஏழங்குலம். இரட்டைச் சாப்பாட்டுத் தட்டுப்போல் கை. தலையில் வரிவரியாகப் பின்னல். வாய் திறப்பது அபூர்வம். வந்த புதிதில் பத்திரிகையாளர் முன்னால் தான் ஒரு கலகலப்பான ஆள் என்று சொல்லி, "ஹ ஹ ஹ ஹ" என்று ஒரு சிரிப்புச் சிரித்தான். முகத்தில் ஒரு தசை அசையவில்லை. நாடே அந்தச் சிரிப்பைக் கைத்தொலைபேசியில் மணியாக வைத்தது. முந்திய வருடம் காலில் காயம் என்பதால் 82 ஆட்டங்களில் 60இல்தான் விளையாடினான். மிச்சத்தில் பெரும்பாலும் 'சுமை குறைப்பு' என்று சொல்லி ஓய்வு கொடுத்தார்கள். இதே திட்டத்தை எனக்கும் கொண்டுவரலாமே என்று எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நான் எத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்டார்.

ஆனால் மே மாதம் அவன் யாரென்று காட்டினான். பிலடெல்பியாவுடன் ஏழாவது ஆட்டம், மே 12. 90க்கு 90. கடைசி விநாடியில் மைதானத்தின் மூலைக்கு ஓடி, அவர்களின் ஏழடி எம்பீட் கையை விரித்து மறைத்து நிற்க, அவன் தலைக்கு மேலால் எறிந்தான். மணி அடித்துவிட்டது. பந்து வளையத்தில் விழுந்து எழும்பியது. திரும்ப விழுந்து எழும்பியது. மூன்றாம் தரம். நாலாம் தரம். பிறகு உள்ளே போனது. அதுவரை குந்தியிருந்த இடத்திலேயே இருந்த கவாய், வாய் பிளந்து கத்தினான். அதற்கு முதல் அவன் கத்தி யாரும் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் கத்தியது மாமி. உங்களுக்குத் தெரியும், என் மாமியார் கரவெட்டி. பின்னேரம் நாடகம், இரவு தேவாரம், ஒன்பதுக்குப் படுக்கை என்று இருந்தவ. இறுதிச் சுற்று ஆட்டம் பெரும்பாலும் தொடங்குவது இங்கே இரவு 9 மணிக்கு, உங்களுக்கு அடுத்த நாள் காலை ஆறரை. மகன் பார்க்க, அவ பக்கத்தில் இருந்து பார்க்க, பிறகு அவன் படிக்கப் போனாலும் அவ எழும்புவதில்லை. பெயர்கள் வாயில் நுழையாததால் தானே பெயர் வைத்தா. கவாய் பின்னல்தலையன். ஸ்பெயின்காரர் மார்க் கசோல் தாடிக்காரன். கைல் லௌரி கட்டையன். ஆறடி மனிதனை, ஐந்தடி தொடாத மாமி சொல்லும் பெயர் இது.

இறுதிச் சுற்றில் எதிரி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். முந்திய நாலு வருடத்தில் மூன்று முறை சாம்பியன். அவர்களின் பெருந்தலை ஸ்டெஃபன் கறி. அவருடைய மனைவி அயீஷா மார்க்கத்தில் வளர்ந்தவர். ஆம், எங்கள் சனம் வீடு வாங்கிக் குவிக்கும் அதே மார்க்கம். தகப்பன் டெல் கறி ராப்டர்ஸில் விளையாடிய காலத்தில் ஸ்டெஃபனும் இங்கேதான் பள்ளிக்கூடம் போனவர். ஆக, ஊர் மாப்பிள்ளையே எதிரியாக வந்து இறங்கினார்.

ஏழு ஆட்டத்தில் நாலு வெல்லவேண்டும். முதலாவது, மே 30, எங்களுக்கு. அன்று கலக்கியவன் பாஸ்கல் சியாக்கம், 32 புள்ளி. கமரூனில் பாதிரியாராக்கவென்று குருமடத்தில் விட்டு வளர்க்கப்பட்டவன். பந்தைத் தொட்டதே பிந்தித்தான். இரண்டாவது அவர்களுக்கு. பிறகு ஓக்லாந்தில் போய் இரண்டையும் வென்றோம். அதில் முதலாவதில் கறி 47 புள்ளி எடுத்தும் தோற்றார்கள். அதே ஆட்டத்தில்தான் பந்தைத் துரத்திப் பார்வையாளர் வரிசைக்குள் விழுந்த லௌரியை, முன்வரிசையில் இருந்த ஒருவர் தள்ளிவிட்டார். யாரென்று பார்த்தால் வாரியர்ஸ் அணியின் பங்கு முதலாளிகளில் ஒருவர்! 5 லட்சம் டொலர் தண்டமும் ஒரு வருடத் தடையும் விதித்தார்கள். "கட்டையனைத் தள்ளினவனுக்கு உது காணாது" என்று மாமி தீர்ப்பை மேன்முறையீடு செய்தா.

ஐந்தாவது ஆட்டம், ஜூன் 10, ரொறன்ரோவில். இதை வென்றால் கிண்ணம். காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்த கெவின் டுராண்டை அவர்கள் இறக்கினார்கள். 12 நிமிடம் ஆடினார், 11 புள்ளி. பிறகு பந்தைத் தட்டிக்கொண்டு திரும்பியவர், குதிக்கால் நாண் அறுந்து அப்படியே இருந்துவிட்டார். அப்போது அரங்கத்தில் ஒரு பகுதியார் கைதட்டினார்கள், சித்தப்பா. எங்கள் லௌரியும் இபாக்காவும் கையைக் காட்டி அவர்களை அடக்கினார்கள். மாமி தொலைக்காட்சியைப் பார்த்து, "எதிரியெண்டாலும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே! இதுக்கே கைதட்டுறியள்?" என்று கத்தினா. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றதில் அவவுக்கு வருத்தமே இல்லை. எனக்கு இருந்தது. மூன்று நிமிடம்தான் மிச்சம், 6 புள்ளி முன்னிலை, கவாய் தனியாளாகப் பத்துப் புள்ளி தொடர்ச்சியாக எடுத்துத் தந்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து எங்கள் பயிற்சியாளர் நிக் நேர்ஸ் இடைநிறுத்தம் கேட்டார். நெருப்பில் தண்ணீர் ஊற்றியாயிற்று. வாரியர்ஸின் தொம்சனும் கறியும் 23 அடிக்கும் அப்பால் நின்று மூன்று தரம் எறிந்தார்கள், மூன்றும் விழுந்தன. 106க்கு 105. ஏன் கேட்டார் என்று இந்த நகரத்துப் பேருந்துகளில் முன்பின் தெரியாத ஆட்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள்.

ஆறாவது ஆட்டம் ஜூன் 13, ஓக்லாந்தில். அந்தப் பழைய அரங்கத்தில் வாரியர்ஸின் கடைசி ஆட்டம். தொடங்கியவுடன் எங்கள் முதல் 11 புள்ளியையும் ஒருவனே எடுத்தான். கட்டையன்! மாமி எழும்பி நின்றுவிட்டா. மூன்றாம் கட்டத்தில் 28 புள்ளி எடுத்திருந்த தொம்சன் விழுந்து முழங்கால் தசைநார் அறுத்துக்கொண்டார். உள்ளே போனவர் நடந்து திரும்பிவந்து, தனக்குச் சேரவேண்டிய இரண்டு தனி எறிகளையும் போட்டுவிட்டுத்தான் போனார். எங்கள் வீட்டில் அவருக்குக் கைதட்டினோம். நாலாம் கட்டத்தில் எங்கள் வான்வ்லீட், அதற்கு இரண்டு ஆட்டம் முதல் முழங்கையடி வாங்கி முகத்தில் தையல் போட்ட பெடியன், 12 புள்ளி எடுத்தான்.

இனி மத்தியஸ்தருக்குக் கோபம் வரும் இடம். 48 நிமிட ஆட்டம் இரண்டரை மணித்தியாலம் ஓடும். கடைசி இரண்டு நிமிடமே இழுபட்டுக்கொண்டு போகும். ஒருவர் இடைநிறுத்தம் கேட்பார், மற்றவர் வேண்டுமென்றே மோதித் தவறு செய்வார், நடுவர்கள் பெட்டிக்குள் படம் பார்ப்பார்கள், இடையில் விளம்பரம். அன்று 0.9 விநாடி மிச்சம். எங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை. நெரிசலில் பந்தைப் பிடித்த வாரியர்ஸின் டிரேமண்ட் கிறீன் இடைநிறுத்தம் கேட்டார். அவர்களிடம் இடைநிறுத்தம் மிச்சமில்லை! அதற்கு ஒரு தண்டனை எறி. பிறகு கவாயில் மோதினார்கள். அது நேரத்துக்குள்ளா வெளியேயா என்று திரும்பவும் படம். அந்த 0.9 விநாடிக்குள் மாமி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டா. 114க்கு 110. அமெரிக்காவுக்கு வெளியே இருந்து ஓர் அணி சாம்பியன் ஆனது இதுதான் முதல் தடவை. வெளியே கார்கள் விடியுமட்டும் ஹோர்ன் அடித்தன. எனக்கு ஐந்து மணி வேலை.

இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது கவாய்க்கு. 2014இல் சான் அன்ரோனியோவிலும் வாங்கியவன். இரண்டு வெவ்வேறு அணிகளுக்காக அதை வாங்கியவர்கள் அவனுக்கு முதல் இரண்டே பேர், அப்துல் ஜபாரும் லெப்ரானும். பிறகு தொடங்கியது உபசாரம். உணவகங்கள் எல்லாம், நீ இங்கேயே இருந்தால் உனக்குச் சாப்பாடு இலவசம் என்று கண்ணாடியில் ஒட்டின. எங்கள் இடியப்பக் கடைக்காரரும் ஆயத்தமாகத்தான் இருந்தார். ஜூலை தொடக்கத்தில் விமானநிலையத்தில் இருந்து போன ஒரு கறுப்பு வாகனத்துக்குள் அவன் இருக்கக்கூடும் என்று, தொலைக்காட்சிக்காரர் ஹெலிகொப்டரில் துரத்திக்கொண்டு போய் நேரடியாகக் காட்டினார்கள். நாங்களும் இருந்து பார்த்தோம், ஒரு வாகனத்தின் கூரையை.

ஜூலை 6, சாமம் இரண்டு மணியளவில் செய்தி வந்தது. லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போகிறான். அவன் பிறந்து வளர்ந்த பக்கம். ஊருக்குப் போகவேண்டும் என்று ஒருவன் சொன்னால் ஸ்காபரோத் தமிழன் என்ன வாயால் திட்டுவது? ஒருவரும் திட்டவில்லை. இடியப்பக் கடைக்காரர் மட்டும், "சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்" என்றார்.

என் தீர்ப்பைக் கேட்டால், கிண்ணம் லௌரியுடையது. 2012இல் வந்தவன். உயிர்ச் சிநேகிதன் டிரோசனை விற்றபோது முகம் கறுத்தும் போகவில்லை. ஓடிவரும் ஏழடி ஆட்கள் முன்னால் நெஞ்சைக் கொடுத்து நின்று விழுந்து, எழும்பித் திரும்பவும் நிற்பான். கவாய் இல்லாமல் வென்றிருக்க மாட்டோம், அது கணக்கு. ஆனால் மாமி மூன்று கிழமை கழித்தும் கேட்பது ஒன்றுதான்: "கட்டையன் நிக்கிறான்தானே?" நிற்கிறான்.

கடைசியாக ஓர் உதவி, சித்தப்பா. இந்த மாதம் லிவர்பூலில் உலகக் கிண்ணத்தில் எங்கள் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்து விளையாடியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெட்டையளுக்கு வலைப்பந்துக் கம்பம் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். பெடியளுக்குக் கூடைப்பந்துக்கு வேறாக இரண்டு கம்பம் நாட்ட அதிபரிடம் கதையுங்கள். செலவை நானும் இங்குள்ள பழைய மாணவர் சிலருமாக அனுப்புகிறோம். பலகை ஆறடி அகலம், மூன்றரை அடி உயரம். வளையம் 18 அங்குலம், நிலத்திலிருந்து சரியாக 10 அடியில். ஒட்டுவேலைக்காரன் ஒன்பதரையில் வைத்துவிட்டுக் காசு கேட்பான். நீங்களே நாடா பிடித்து அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெறாமகன்