வேன் ஏன் வடக்கே திரும்புகிறது? ஒருநாள் பாண்டிச் சுற்றுலா குறித்த ஆய்வுரை

உத்திரமேரூரிலிருந்து புதுச்சேரிக்கு மதுராந்தகம், திண்டிவனம் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டர் சொச்சம். ஆனால் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், விடியற்காலை நான்கு மணிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டுக் கிளம்பும் எங்கள் பக்கத்துச் சுற்றுலா வேன்கள் போகும்போது அந்த வழியை எடுப்பதில்லை. புக்கத்துறை கூட்டுரோட்டில் நெடுஞ்சாலை ஏறி, வடக்கே செங்கல்பட்டுக்குப் போய், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தில் நின்று, அதன்பிறகுதான் கடலோரமாகத் தெற்கே இறங்குகின்றன. தெற்கே இருக்கிற ஊருக்குப் போகும் வண்டி முதலில் ஏன் வடக்கே திரும்புகிறது என்ற கேள்வியை இதுவரை யாரும் முறையாக ஆராயவில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு ஊரில் மூன்று விளக்கங்கள் வழங்குகின்றன. பிள்ளைகள் கடலைப் பார்க்க வேண்டாமா என்பது பெண்கள் தரப்பு. நியாயமான வாதம்தான், ஆனால் கடல் புதுச்சேரியிலும் இருக்கிறது. டிரைவர் தரப்பு “கிலோமீட்டர் கணக்குதானே சார்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. மூன்றாவது ஏற்பாட்டாளர் தரப்பு, அதாவது போன வருஷமும் கூட்டிப்போன மளிகைக்கடை அண்ணன். அவர் பல்லவர் பெருமையைச் சொல்கிறார். பல்லவர் காலத்துச் சுந்தர வரதராஜர் கோயில் அவர் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். சுற்றுலாவுக்கு வசூல் நடக்கிற வாரம் தவிர, அவர் பல்லவரைப் பற்றி வாய் திறந்ததாகத் தகவல் இல்லை.

எனவே இவ்வாய்வு வேறொரு கருதுகோளை முன்வைக்கிறது. சுற்றுலா மாமல்லபுரத்துக்கும் அல்ல, ஆசிரமத்துக்கும் அல்ல. புதுச்சேரியில் பிற்பகல் ஒன்றிலிருந்து நான்கு வரையிலான மூன்று மணி நேரத்துக்கு. மற்ற இடங்களெல்லாம் அதற்கு எழுப்பிய காம்பவுண்டு சுவர்.

முதல் சான்று, டீக்கடைத் தூணில் ஒட்டப்படும் நிகழ்ச்சி நிரல். திருக்கழுக்குன்றம் அரை மணி, ஐந்து ரதம் அரை மணி, அர்ச்சுனன் தபசு கால் மணி என்று கறாராகப் போகிற அட்டவணை, புதுச்சேரிக்கு மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்கிறது. மணக்குள விநாயகர் கோயில் நடை பன்னிரண்டரை வாக்கில் சாத்தினால் மாலை நான்குக்குத்தான் திறக்கும். அரவிந்தர் ஆசிரமமும் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மூடியிருக்கும். வருஷா வருஷம் போகிற ஒரு குழு வருஷா வருஷம் அதே அரை மணி பிந்துகிறது என்றால், அதைத் தாமதம் என்று கொள்வது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. பிள்ளையாரே கதவைச் சாத்திக்கொண்ட பிறகு ஆண்கள் பாவம் என்னதான் செய்வார்கள்? பெண்களையும் பிள்ளைகளையும் பாரதி பூங்கா நிழலில் உட்காரவைத்து, “தோ, தண்ணி பாட்டில் வாங்கினு வந்துடறோம்” என்று கிளம்புகிறார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு எட்டுப் பேர்.

அவர்கள் உட்காரவைக்கப்படும் இடத்துக்கு எதிரேதான் ஆயி மண்டபம். தன் மாளிகையை இடித்துவிட்டு ஊருக்குக் குளம் வெட்டிய தாசி ஆயியின் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. தாகத்துக்காக இந்த ஊர் கட்டிய மண்டபம் தண்ணீருக்குத்தான் என்பதைக் கண்டுபிடித்தவர் இக்கட்டுரையாளர் அல்லர். அங்கே இரண்டு மணி நேரம் காத்திருந்த ஒரு பெரியம்மா.

வரலாற்றுப் பின்னணியையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948-ல். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. ஊர் மாறினாலும் கடை மாறவில்லை. தமிழ்நாட்டில் 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் மறுபடி திறந்தார்கள், 2003-ல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. இத்தனை குழப்பத்திலும் எங்கள் தாத்தாக்களின் திசை தெற்காகவே இருந்தது. இன்று பக்கத்திலேயே டாஸ்மாக் இருக்க, ஏன் இவ்வளவு தூரம்? விலை குறைவு என்பார்கள். டீசல், டோல், டிரைவர் பாட்டா எல்லாம் சேர்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. உள்ளூர்க் கடையில் மச்சான் பார்த்துவிடுவார் என்பதே சரியான விடை. பாண்டியிலும் மச்சான் பார்க்கத்தான் செய்கிறார், ஆனால் அங்கே அவர் கையிலும் கிளாஸ் இருக்கிறது.

இனி இலக்கியச் சான்று. இதைப் புதுமோகம் என்று இகழ்பவர்கள் பத்துப்பாட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. சிறுபாணாற்றுப்படை 269 அடிகளில் ஒரு சுற்றுலா வழிகாட்டி. நல்லியக்கோடனிடம் பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், வழியில் எதிர்ப்படும் இன்னொரு பாணனுக்கு எங்கே போகலாம், எங்கே என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்கிறான். முதலில் கடலோர எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்பர். அங்கே நுளையர் வீட்டில் வடித்த பழைய கள்ளும் சுட்ட மீனும். பிறகு உள்நாட்டு ஊர்கள், கடைசியில் திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில். நம் வேனும் மரக்காணத்து உப்பளத்தைத் தாண்டிப்போய், திண்டிவனம் வழியாகத்தான் திரும்புகிறது. பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூர்க்காரர். அந்த இடைக்கழிநாடு நம் ஈசிஆர் சாலையிலேயே வருகிறது. ஆக, மளிகைக்கடை அண்ணன் ஆற்றுப்படை மரபின் நேர்வாரிசு என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. ஒரே வித்தியாசம், பாணன் கள்ளைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னான். நம் அண்ணன் “ரெஸ்ட்” என்கிறார்.

உண்மையான திராட்சை மது இந்தக் கடற்கரையில் வந்திறங்கியதற்கும் ஆதாரம் உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு மறுபடி தோண்டி ஆராய்ந்தது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் புறநானூறும் சொல்கிறது. எங்கள் வேன்களில் ஒன்றுகூட அரிக்கமேட்டில் நின்றதில்லை. காலிச் சாடியைப் பார்க்க யார் போவார்கள் என்று கேட்டார் ஒரு கொத்தனார் மேஸ்திரி. தொல்லியல் துறை பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான விமர்சனம் அதுதான். தமிழ்நாட்டில் திராட்சைத் தோட்டம் பார்க்க வேண்டுமென்றால் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். அங்கத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் உத்திரமேரூரிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியாது, தவிர அது திராட்சையாகவே இருக்கிறது.

களப்பணியில் அதிகத் தரவு கிடைத்தது மாமல்லபுரத்தில். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து ஆளுக்கு நாற்பது ரூபாய் டிக்கெட், பதினைந்து வயதுக்குள் இலவசம். அந்த வாசலில்தான் எங்கள் ஊரில் பிள்ளைகளின் வயது குறைகிறது. மீசை அரும்பிய பையனைக்கூட “பதினாலுதான் ஆவுது, வளத்தி” என்று அவன் அத்தை சாதித்தார். பெரியவர்கள் பாதிப் பேர் வேலிக்கு வெளியே மணலில் நின்று, கோயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து செல்பி எடுத்துக்கொண்டு, “எல்லாம் தெரியுது, உள்ள போயி இன்னா பண்ணப்போறோம்” என்று முடித்துக்கொண்டார்கள். அர்ச்சுனன் தபசுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அங்கே எல்லாரும் நின்று பார்த்தார்கள். பாறையின் கீழ்ப்பகுதியில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால் இரண்டையும் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றி எலிகள் நம்பி நிற்கின்றன. வேனில் வந்த ஒரு அக்கா அந்தப் பூனையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு மளிகைக்கடை அண்ணனைப் பார்த்தார். நெற்றியில் பட்டை, கழுத்தில் துளசிமாலை, கையில் நிகழ்ச்சி நிரல். அக்கா ஒன்றும் சொல்லவில்லை.

நிர்வாகச் சட்டம் என்ற வகையில் இச்சுற்றுலா முதலாம் பராந்தகனுக்குக் கடன்பட்டது. 919-லும் 921-லும் எங்கள் ஊர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் உலகறிந்தவை. வாரியத்துக்கு நிற்க வயது முப்பதிலிருந்து அறுபது என்று முதல் கல்வெட்டு சொல்லியது. இரண்டே வருஷத்தில் அது முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று மாறியது. இடையில் எவனோ ஒரு முப்பது வயதுக்காரன் ஏதோ செய்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பதுவரை விதித்திருக்கிறார்கள். வேனில் ஜன்னல் சீட்டுக்கு நாங்கள் செய்வதும் அதுவே. சொம்பில் சீட்டுப் போட்டு ஒரு பையனை எடுக்கச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பையனுக்கு விவரம் தெரியும். அவன் அம்மா எழுதிய சீட்டு மட்டும் முக்கோணமாக மடித்திருக்கும். விரலை விரித்து வாங்கும் விதியைச் சோழர்கள் சும்மா வைக்கவில்லை. பஞ்சமாபாதகம் செய்தவருக்கும் கல்வெட்டு தடை போடுகிறது. மது அந்த ஐந்தில் ஒன்று. கழுதைமேல் ஏறியவருக்கும் தடை உண்டு. மாமல்லபுரம் கடற்கரையில் குதிரைமேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றிக் கல்வெட்டு மௌனம் சாதிப்பது ஊருக்கே நிம்மதி.

திரும்பும் பயணத்தில்தான் மையக் கேள்விக்கு விடை கிடைத்தது. புதுச்சேரிச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், எல்லை தாண்டினால் சோதனையும் உண்டு. அதனால் நாணயமான ஆண்கள் வாங்கியதையெல்லாம் வயிற்றிலேயே கொண்டுவந்துவிடுகிறார்கள். எல்லாரும் சமம் என்பதுபோல வேன் முழுக்க ஒரே வாசனை, எலுமிச்சைச் சாதத்து டப்பாவிலிருந்து வருகிற வாசனையையும் மீறி. வாந்திக்கென்று பிள்ளைகளுக்கு எடுத்துவந்த கவர்களில் பாதி அப்பாக்களுக்குச் செலவாயிற்று. ஆயி மண்டபத்துப் பெரியம்மா ஒரு கவரை மகனிடம் நீட்டியபடியே என்னிடம் சொன்னார்: “இதுங்க எங்க போவுதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நேரா போனா நேரா போய்ட்டு நேரா வந்துடும்ங்க. அதான் மொதல்ல மகாபலிபுரம்னு கறாரா சொல்லிடறது. எங்களுக்கும் வருசத்துல ஒரு நா கடல்ல கால் நனைக்கணும்ல.”

ஆக, வேன் வடக்கே திரும்புவது ஒரு கட்டணம். மூன்று மணி நேரத்துக்கு ஆண்கள் தரும் விலை செங்கல்பட்டு வரைக்கும் டீசல், ஐந்து ரதம், கடல். யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமல்ல. ஆனால் மீறப்பட்டதாகத் தகவல் இல்லை.

எஞ்சியிருப்பது கணக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மருமகன் வரைக்கும் பதவிக்கு வரக் கூடாது என்பது கல்வெட்டுத் தீர்ப்பு. மளிகைக்கடை அண்ணன் போன வருஷக் கணக்கையே இன்னும் காட்டவில்லை. “டோலே நாலு எடத்துல போச்சுப்பா” என்பதோடு சரி. எங்கள் தெருவில் அவருக்கு ஏதாவது ஒரு முறையில் சொந்தமில்லாதவர் கிடையாது. விதியை அப்படியே அமல்படுத்தினால் வரும் வருஷம் சுற்றுலா நடத்தத் தகுதியுள்ள ஒரே ஆள் டிரைவர்தான், அவர் மதுராந்தகத்துக்காரர். விஷயம் தெரிந்தோ என்னவோ, அடுத்த மே மாதத்துக்கு இப்போதே அட்வான்ஸ் கேட்டுக்கொண்டிருக்கிறார்.